ஆசிரியர் அணி உருவாவது டூரிலா, டைம்டேபிளிலா?

புதுத் தலைமை | ஜூன் 2, இரவு 9.40

சேலம் மாநகரை ஒட்டிய உயர்நிலைப் பள்ளி. 6 முதல் 10 வரை, ஏ, பி என்று மொத்தம் 10 பிரிவுகள். பாட ஆசிரியர்கள் 14, உடற்கல்விக்கு ஒருவர், பகுதிநேர ஓவிய ஆசிரியர் ஒருவர். சண்டை சச்சரவு கிடையாது. பிறந்தநாளுக்கு கேக், பொங்கலுக்கு ஒரே நிறச் சேலை, வருஷத்துக்கு ஒரு தடவை ஏற்காடு. ஆனால் 9 பி-யில் ஒரு பையன் மூன்று பாடத்தில் எதுவுமே எழுதவில்லை என்றால், அது மூன்று பேருக்கும் தனித்தனியாகத் தெரிகிறது. ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குப் போவதில்லை. ஸ்டாஃப் மீட்டிங்கில் சுற்றறிக்கை படிப்பு, கையெழுத்து, டீ. கூட்டாக வேலை செய்யும் அணியாக இதை மாற்ற எங்கே கை வைக்க வேண்டும்? மோட்டிவேஷன் ஸ்பீக்கரைக் கூப்பிடச் சொல்வதைத் தவிர எதுவும் சொல்லலாம்.

எட்டாவது பீரியட் | ஜூன் 2, இரவு 10.25

ஏற்காடு போய்வாருங்கள் மேடம், உடம்புக்கு நல்லது. அணி அதில் வராது.

ஜூடித் வாரன் லிட்டில் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர், ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் பழகும் விதத்தை 1990-இல் நான்காகப் பிரித்தார். கதை பேசுவது, கேட்டால் உதவுவது, கையில் இருப்பதைப் பகிர்வது, சேர்ந்து ஒரு வேலையை முடிப்பது. முதல் மூன்றில் நான் என்ன செய்தாலும் உங்கள் வகுப்பு மாறாது. நான்காவதில் மாறும். அதனால்தான் எல்லாரும் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். கேக்கும் சேலையும் முதல் படி. வினாத்தாளை வாட்ஸ்அப்பில் அனுப்புவது மூன்றாவது. நான்காவதுக்குப் போக ஒரு பொதுவான நேரமும், மேசைமேல் வைத்துப் பார்க்க ஒரு பொருளும் வேண்டும்.

நேரத்துக்கான கணக்கு: 10 பிரிவு என்றால் எந்த பீரியடிலும் 10 பேர் வகுப்பில் நிற்க வேண்டும். 14-இல் 10 போனால் 4. ஆக ஒரே நேரத்தில் 4 பேருக்கு மேல் உட்கார முடியாது. இந்த வரம்பு தெரியாமல் 'வாரா வாரம் எல்லாரும் கூடுவோம்' என்று ஆரம்பித்த பள்ளிகள் மூன்றாவது வாரத்தில் 4.20-க்கு மேல் கூட்டம் போட்டு, நான்காவது வாரம் விட்டுவிடும்.

டைம்டேபிளை இன்னும் ஒட்டவில்லை என்றால் இன்றைக்கே நிறுத்தி வையுங்கள். ஒட்டிய பிறகு ஒரு பீரியடை நகர்த்தச் சொன்னால் அது உரிமைப் பிரச்சினை ஆகிவிடும்.

சாக்பீஸ் | ஜூன் 3, காலை 6.10

சார், கணக்கு தப்பு. உடற்கல்வியும் ஓவியமும் வகுப்பைக் கையில் எடுத்தால் பாட ஆசிரியர் 8 பேர் போதும். 14-இல் 8 போனால் 6.

எட்டாவது பீரியட் | ஜூன் 3, காலை 7.05

ஆமாம், தப்புதான். 6 பேர். ஒரு வகுப்பின் ஐந்து பாடத்துக்கும் ஆளைச் சேர்த்து உட்காரவைத்து, ஒருவர் கையிருப்பில் இருக்கும் எண்ணிக்கை இது. நேற்றுச் சொன்னதைவிட நிலைமை நல்லது.

ஆனால் இதில் இரண்டு பூட்டு இருக்கிறது. 9-ஆம் வகுப்பு ஆசிரியர்கள் ஐவரும் உட்கார வேண்டுமென்றால் அந்த பீரியடில் 9 ஏ விளையாட்டிலும் 9 பி ஓவியத்திலும் இருக்க வேண்டும். வேறு வகுப்பு இல்லை. அடுத்தது, பகுதிநேர ஆசிரியருக்கு வாரம் மூன்று அரைநாள்தான் பணி. எனவே அவர் வரும் மூன்று அரைநாளில் ஒன்றில்தான் இந்தக் கட்டத்தைப் போட முடியும். டைம்டேபிள் போடும்போது முதலில் இந்த ஒரு கட்டத்தைப் போட்டுவிட்டு மற்றவற்றை அப்புறம் நிரப்புங்கள். கடைசியில் போட்டால் வரவே வராது.

திங்களும் வெள்ளியும் வேண்டாம், சி.எல். அந்த இரண்டு நாளில்தான் விழும். முதல் பீரியடும் வேண்டாம். பிரேயர் நீண்டால் பத்து நிமிடம் போய்விடும். செவ்வாய் அல்லது புதன், காலை இடைவேளை முடிந்த உடனே வரும் பீரியட் நல்லது.

இன்னொன்று. 9 ஏ, 9 பி இரண்டையும் ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியருக்குக் கொடுங்கள். இல்லையென்றால் '9-ஆம் வகுப்பு அணி' என்பது எட்டு ஒன்பது பேர் ஆகிவிடும்.

குகை தமிழம்மா | ஜூன் 3, மதியம் 1.15

இரண்டு பேர் லீவு போட்டால்? லீவு போட்டவர் வகுப்புக்கு ஆள் போடும் சப்ஸ்டிடியூஷன் நோட்டு எங்கே வரும் என்று எங்களுக்குத் தெரியாதா.

எட்டாவது பீரியட் | ஜூன் 3, இரவு 9.00

வரும். 14-இல் இருவர் இல்லை, 8 பேர் வகுப்பில், மீதி 4. நால்வர் போதும், மூவர் இருந்தாலும் கூட்டம் நடக்கும், மூன்றுக்குக் குறைந்தால் அந்த வாரம் இல்லை என்று முன்னாலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். 'இன்றைக்கு நடத்தலாமா, வேண்டாமா' என்று ஒவ்வொரு வாரமும் யோசித்தால் வேண்டாம்தான் ஜெயிக்கும். தலைமை ஆசிரியர் தரவேண்டிய ஒரே வாக்குறுதி: சப்ஸ்டிடியூஷனுக்கு ஆள் தேடும்போது இந்த ஐந்து பேரைக் கடைசியாகத் தொடுவது. மற்றதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

'இது எங்கள் ஃப்ரீ பீரியட்' என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அந்தக் குரலில் நியாயம் உண்டு. வாரம் 40 பீரியடில் 26, 27 எடுப்பவருக்கு மிச்சமிருக்கும் 13, 14-இல் சப்ஸ்டிடியூஷன் மூன்று நான்கைத் தின்றுவிடும், நோட்டு திருத்துவது மிச்சத்தை. அதனால் கூட்டத்துக்குப் பதிலாக எதையாவது எடுத்துவிட வேண்டும். எதை எடுக்கலாம்? மாதாந்திர ஸ்டாஃப் மீட்டிங். சுற்றறிக்கையைப் பலகையில் குத்திக் கையெழுத்து வாங்கினால் 50 நிமிடம் மிச்சம்.

சாக்பீஸ் | ஜூன் 4, காலை 6.30

கல்வி உரிமைச் சட்டத்திலேயே ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று இருக்கிறதே, கேட்டால் அதைக் காட்டலாம்.

எட்டாவது பீரியட் | ஜூன் 4, காலை 7.20

காட்டும் முன் முழுசாகப் படிக்க வேண்டும். 2009 சட்டத்தின் அட்டவணையில் 45 மணி நேரம் என்பது தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து. அந்தச் சொல்தான் முக்கியம்: பாடத்துக்குச் சேர்ந்து தயாராவதும் வேலை நேரத்துக்குள் வரும் வேலைதான், உபகாரம் கிடையாது. ஆனால் சட்டம் 1 முதல் 8 வரைக்கானது. 9, 10-க்கு அதை நீட்டிப் பேசினால் சங்கத்துக்காரர் மடக்கிவிடுவார். தவிரவும், சட்டத்தைக் காட்டிக் கூட்டிய கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

புதுத் தலைமை | ஜூன் 5, இரவு 10.10

கட்டம் போட்டாயிற்று. புதன் 5-வது பீரியட். (ஓவிய ஆசிரியர் மதியம்தான் வருவார், காலை கிடைக்கவில்லை.) 40 நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

எட்டாவது பீரியட் | ஜூன் 6, இரவு 9.30

பிள்ளைகளின் நோட்டைப் பாருங்கள். வேறு எதையும் பார்க்க வேண்டாம். மார்க் லிஸ்ட் கூடவே கூடாது.

ஒரு ஆசிரியர் ஆறு நோட்டுக் கொண்டுவர வேண்டும். நன்றாகச் செய்பவர் 2, நடுவில் 2, பின்தங்கியவர் 2. எல்லாவற்றிலும் ஒரே கேள்விக்கான பதில் இருக்க வேண்டும்.

முதல் 5 நிமிடம்: போன வாரம் எடுத்த முடிவு, செய்தோமா இல்லையா. காரணம் கேட்பதில்லை. அடுத்த 5 நிமிடம் பேச்சு இல்லாமல் நோட்டுகள் கைமாறும். இந்த மௌனத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால் நோட்டைப் பார்க்காமலே பேச ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு 15 நிமிடம், பிள்ளை என்ன செய்திருக்கிறது என்பது மட்டும். 'கவனம் இல்லை', 'வீட்டில் பார்ப்பதில்லை', 'அஸ்திவாரம் இல்லை' என்ற மூன்று தொடரும் அந்த 15 நிமிடத்துக்குத் தடை. அடுத்த 10 நிமிடத்தில் ஐந்து பாடத்திலும் செய்யக்கூடிய ஒரே ஒரு மாற்றம். கடைசி 5 நிமிடத்தில் அரைப் பக்கம் எழுதுவது.

ஒரு மாதிரி: 403-இல் 178 போனால் 375 என்று எழுதியிருக்கிறது. 'கழித்தல் தெரியவில்லை' என்று சொல்லி முடித்தால் அங்கேயே கதை முடிந்தது. உற்றுப்பார்த்தால் 4-இல் 1 போக 3, 7-இல் 0 போக 7, 8-இல் 3 போக 5. மேலே எது கீழே எது என்று பார்க்காமல், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. பிள்ளைக்கு ஒரு விதி இருக்கிறது, தப்பான விதி. விடை 225 என்று சிவப்பு மையில் எழுதினால் அந்த விதி அப்படியே இருக்கும். சமூக அறிவியலில் ஆண்டுகளைக் கழிக்கச் சொன்னாலும் இதே பிள்ளை இதே தப்பைத்தான் செய்யும், அங்கே யாரும் அதைக் கணக்குத் தப்பாகப் பார்ப்பதில்லை. ஐவர் உட்கார்வதன் லாபம் இந்த மாதிரி இடத்தில்தான்.

குகை தமிழம்மா | ஜூன் 7, காலை 10.50

2, 2, 2 எடுபடாது. நாங்கள் நல்ல நோட்டாகப் பார்த்துத்தான் எடுத்து வருவோம். 'பின்தங்கியவர்' நோட்டிலும் அட்டை போட்டு, விட்டுப்போனதை எழுதவைத்துக் கொண்டுவருவோம். இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பழகிய கை சார் இது.

எட்டாவது பீரியட் | ஜூன் 7, மாலை 5.40

சரணாகதி. வரிசை எண்ணுக்கு மாற்றிக்கொள்வோம். வருகைப் பதிவேட்டில் 4, 11, 17, 23, 29, 34 என்று பருவம் முழுக்க அதே ஆறு பேர். ஐந்து பாடத்திலும் அதே ஆறு. நோட்டு அன்று காலை இருக்கிற நிலையில் வரவேண்டும், வராத பிள்ளையின் இடத்தில் 'இல்லை' என்று ஒரு தாளை வைத்துவிட வேண்டும். இரண்டு மாதத்தில் அந்த ஆறு பிள்ளைகளையும் ஐந்து பேருக்கும் நன்றாகத் தெரியும். 'அந்த ஆறு பேரை மட்டும் கவனித்துவிடுவார்களே' என்று கேட்டால், கவனிக்கட்டும். ஆறு பேருக்குச் செய்யத் தெரிந்தது முப்பத்தாறு பேருக்கும் கொஞ்சம் போகும்.

கொண்டைஊசி 20 | ஜூன் 8, இரவு 8.15

ஐயா, 14 பேர் கணக்கு எல்லாம் கீழே. மேலே ஏற்காட்டுப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், அதில் ஒருவர் தலைமை. ஒருவர் ஃப்ரீ என்றால் அடுத்தவர் கையில் ஐந்து வகுப்பு. அணி என்ற பேச்சுக்கே இடம் எங்கே?

எட்டாவது பீரியட் | ஜூன் 8, இரவு 9.50

மலைப் பள்ளி பற்றி நாளை எழுதுகிறேன். ஒரு வரியில் அடக்கினால் தப்பாகிவிடும்.

மரப்பெஞ்சு | ஜூன் 9, காலை 9.00

பஸ்ஸில் பேசிக்கொள்ளலாமே. அடிவாரத்திலிருந்து மேலே போக நேரம் இருக்கிறது.

கொண்டைஊசி 20 | ஜூன் 9, காலை 9.20

இருபது வளைவில் வாயைத் திறந்தால் பேச்சு மட்டும் வெளியே வராது தம்பி. தவிர, முன் சீட்டில் பிள்ளையின் அத்தை உட்கார்ந்திருப்பார். பஸ்ஸில் பிள்ளை பெயர் எடுப்பது கிடையாது என்பது மலையில் எழுதாத சட்டம்.

எட்டாவது பீரியட் | ஜூன் 9, இரவு 10.00

மலைக்கு.

இரண்டு பேர் பள்ளியில் கூட்டம் என்ற ஒன்றைத் தேடக்கூடாது. இருவரும் ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்யும்படி பிள்ளைகளை மாற்றி அமைக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் 1 முதல் 3 வரை வந்து, பிறகு 4, 5-க்கும் நீண்டது. அதில் பிள்ளைகளைக் கற்ற அளவை வைத்துப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளை வகுப்புச் சுவருக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தினம் ஒரு 40 நிமிடம், 1 முதல் 5 வரை எல்லாப் பிள்ளைகளையும் வாசிப்பு நிலையை வைத்து இரண்டாகப் பிரித்து, எழுத்துக் கூட்டுகிறவர்கள் ஒருவரிடமும் வரி வாசிக்கிறவர்கள் மற்றவரிடமும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழுவை மாற்றும்போது யாரை நகர்த்துவது என்று இருவரும் பேசியே ஆகவேண்டும். பேச்சுக்கு அந்தக் காரணம் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை இரண்டாம் வகுப்போடு உட்காரவைத்தால் அவமானப்படும் என்பது உண்மை. அந்தப் பிள்ளைக்குக் கதை அட்டை எடுத்துக்கொடுப்பது மாதிரி ஒரு பொறுப்பு கொடுத்தால் பாதி சரியாகும், முழுசாக ஆகாது.

பள்ளிகளுக்கு இடையில்: மூன்று பள்ளிகள் ஒரே நாளில் ஒரே தாள். சொல்வதெழுதுதல் 10 சொல், கணக்கு 5, அவ்வளவுதான். விடைத்தாள் கட்டைத் திருத்தாமல், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குக் கொண்டுபோய், பயிற்சி முடிந்தபின் 30 நிமிடம் மாற்றித் திருத்த வேண்டும். உங்கள் கட்டை இன்னொருவர் திருத்தும்போது 'ள', 'ழ' குழப்பம் உங்கள் ஊரில் மட்டுமா, மூன்று ஊரிலுமா என்று தெரிந்துவிடும். பக்கத்துப் பள்ளிகள் கூட்டாக இயங்க வேண்டும் என்று கோத்தாரிக் குழு 1964-66-லேயே சொல்லிவிட்டது, 2020 தேசியக் கல்விக் கொள்கையும் திரும்பச் சொல்கிறது. காகிதத்தில் பள்ளி வளாகம் என்பார்கள். நடப்பில் அது 30 நிமிடமும் மூன்று கட்டுத் தாளும்.

கொண்டைஊசி 20 | ஜூன் 10, இரவு 7.40

தாள் யோசனை சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: நவம்பர் கடைசியிலிருந்து காப்பிப் பழம் பறிப்பு, அது முடிகிற நேரத்தில் மிளகு. எஸ்டேட் மாறிப் போகிற குடும்பத்துப் பிள்ளை இரண்டு மூன்று வாரம் காணாமல் போய்த் திரும்பும். பொதுத்தாளை டிசம்பரில் வைத்தால் பாதிப் பெஞ்சு காலி. ஜூலை, செப்டம்பர், மார்ச் என்று வைக்கலாம். திரும்பி வரும் பிள்ளையை முதல் இரண்டு நாள் எங்கே உட்காரவைப்பது, எந்த அட்டையில் தொடங்குவது என்பதை இருவரும் நவம்பரிலேயே முடிவு செய்துவைத்தால் அது பெரிய விஷயம். அப்புறம், அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வேறு துறை. பக்கத்தில் இருந்தாலும் உத்தரவு வேறு வழியாக வரும். அவர்களைச் சேர்க்க வேண்டுமென்றால் முன்கூட்டி எழுத்தில் கேட்க வேண்டும், போனில் சொன்னால் நடக்காது.

எட்டாவது பீரியட் | ஜூன் 10, இரவு 9.10

மார்ச் சரி. நான் டிசம்பர் என்றுதான் மனதில் வைத்திருந்தேன்.

புதுத் தலைமை | ஜூலை 3, இரவு 9.55

கூட்டத்தில் நான் இருக்க வேண்டுமா, கூடாதா?

எட்டாவது பீரியட் | ஜூலை 3, இரவு 10.40

முதல் ஆறு கூட்டத்துக்குக் கூடாது. நீங்கள் உட்கார்ந்தால் எல்லாரும் உங்களைப் பார்த்துப் பேசுவார்கள், நோட்டைப் பார்த்துப் பேச மாட்டார்கள். அரைப் பக்கக் குறிப்பைப் படியுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள். பச்சை மை விழுந்த உடனே அது ஆவணம். ஆவணத்தில் யாரும் 'எனக்கு இது வரவில்லை' என்று எழுத மாட்டார்கள்.

இடம்: ஸ்டாஃப் ரூம் வேண்டாம். ஆண்களுக்கு ஒன்று பெண்களுக்கு ஒன்று என்று இருக்கிற பள்ளியில் யார் அறையில் கூடுவது என்பதே ஒரு பிரச்சினை. ஆய்வக மேசை நல்லது. நீளம், நோட்டைப் பரப்பலாம், நாற்காலி வரிசை முன்பின் கிடையாது. சாவியை முந்தின நாளே வாங்கி வைக்கவும். சாவி தேடியே எட்டு நிமிடம் போன கூட்டங்கள் நிறைய.

மரப்பெஞ்சு | ஜூலை 4, காலை 8.15

தட்டுவடை செட்டு வாங்கி வைத்தால் சாவி தானாக வரும்.

குகை தமிழம்மா | ஜூலை 4, காலை 8.40

கடிக்கிற சத்தத்தில் நோட்டைப் படிக்க முடியாது. அட்டையில் பீட்ரூட் கறை வேறு. முறுக்கும் வேண்டாம். டீ போதும்.

ஆத்தூர் அறிவியல் | ஜூலை 19, இரவு 10.05

ஒரு ஆட்சேபம். ஆண்டி ஹார்க்ரீவ்ஸ் என்ற ஆய்வாளர் 'ஜோடித்த தோழமை' என்ற பொருளில் ஒன்றைச் சொல்வார்: நிர்வாகம் கட்டாயப்படுத்தி, நேரத்தையும் இடத்தையும் குறித்துக் கொடுத்து, விளைவையும் முன்கூட்டிச் சொல்லிக் கூட்டுவது. அது உண்மையான ஒத்துழைப்பைக் கொன்றுவிடும் என்பது அவர் கட்சி. புதன் 5-வது பீரியட், ஆய்வக மேசை, தடைசெய்த தொடர் மூன்று... நீங்கள் சொல்வது அச்சு அசலாக அதுதானே?

எட்டாவது பீரியட் | ஜூலை 20, இரவு 11.15

நேற்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாதி சரி.

நேரத்தை நிர்வாகம் குறிக்காவிட்டால் நம் பள்ளிகளில் நேரமே கிடையாது. தானாகப் பூக்கட்டும் என்று விட்டால், ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், ஒரே சங்கத்தில் இருக்கிறவர்கள், ஒரே ஊர்க்காரர்கள்தான் சேர்வார்கள். 9-ஆம் வகுப்பின் ஐவர் சேர மாட்டார்கள். எனவே நேரம் மேலிருந்துதான் வரவேண்டும். இதில் நான் இறங்கி வரவில்லை.

ஆனால் 5-5-15-10-5 என்று நிமிடம் பிரித்தது நான் செய்த தப்பு. முதல் மூன்று நான்கு கூட்டத்துக்கு அது ஊன்றுகோல். அப்புறமும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் நோட்டைப் பார்ப்பது சடங்காகிவிடும். காலாண்டு முடிந்ததும் எதைப் பார்ப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். ஸ்லிப் டெஸ்ட் தாளாக இருக்கலாம், ஒருவர் வகுப்பைப் போய்ப் பார்ப்பதாக இருக்கலாம். இரண்டை மட்டும் விடக்கூடாது: பிள்ளை கைப்பட எழுதிய ஏதோ ஒன்று மேசையில் இருக்க வேண்டும், கடைசியில் ஒரே ஒரு முடிவு எழுத வேண்டும்.

ஆத்தூர் அறிவியல் | ஜூலை 21, இரவு 9.30

அப்படியானால் ஒப்புக்கொள்கிறேன். ஐவர் சேர்ந்தால் எங்கே லாபம் என்பதற்கு என் பக்கத்து உதாரணம். 9-இல் v = u + at என்பதிலிருந்து a கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு வகுப்பில் 'இருபுறமும் u-வைக் கழி'. அறிவியல் வகுப்பில் 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்'. இரண்டும் ஒன்று என்பது நமக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. at-யில் t அந்தப் பக்கம் போகும்போதும் குறியை மாற்றி மைனஸ் போட்டுவிடும். அதேபோல கணக்கில் கன அளவு, அறிவியலில் பருமன். ஒரே பொருள் என்று சொல்லாமல் விட்டால் இரண்டு சூத்திரம் மனப்பாடம். இருவர் பத்து நிமிடம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. உட்காராததால் வருஷா வருஷம் நடக்கிறது.

எட்டாவது பீரியட் | ஜூலை 21, இரவு 10.00

இந்த உதாரணத்தை முதல் நாளே போட்டிருந்தால் பாதி இழை மிச்சம்.

குகை தமிழம்மா | ஆகஸ்ட் 6, மதியம் 12.50

(ஆடிப் பண்டிகை விடுமுறை, அதனால்தான் இந்த நேரத்தில்.) உடற்கல்வி ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் வகுப்பைப் பார்த்துக்கொள்வதால்தானே மற்றவர்கள் உட்கார முடிகிறது? அப்படியானால் அவர்கள் இருவரும் எந்த அணியிலும் கிடையாது. பந்து கண்ணுக்குத் தெரியாமல் தடுமாறுகிற பிள்ளையை, காலையில் சாப்பிடாமல் வெயிலில் உட்கார்ந்துவிடுகிற பிள்ளையை முதலில் பார்ப்பது உடற்கல்வி ஆசிரியர்தான்.

எட்டாவது பீரியட் | ஆகஸ்ட் 6, இரவு 9.20

இதை நான் யோசிக்கவே இல்லை. முழு ஓட்டை.

உடனடி ஒட்டு: புதன் காலை இருவரும் ஒரு சீட்டில் மூன்று பெயர், பெயருக்கு ஒரு வரி எழுதிக் கொடுப்பது, கூட்டம் அந்தச் சீட்டில்தான் தொடங்க வேண்டும். அது போதாது. மாதம் ஒரு தடவை ஐவரில் இருவர் மைதானத்தையும் ஓவிய வகுப்பையும் பார்த்துக்கொள்ள, உடற்கல்வி, ஓவிய ஆசிரியர்கள் மேசைக்கு வர வேண்டும். பகுதிநேர ஆசிரியருக்கு அரைநாள் முடிந்தபின் இருக்கச் சொல்லக்கூடாது. சம்பளம் அந்த நேரத்துக்கு இல்லை.

சாக்பீஸ் | ஆகஸ்ட் 23, காலை 6.20

பொறுப்பாளர் யார்? வாரம் ஒருவர் என்று வைத்தோம், யாருமே பொறுப்பில்லை என்று ஆகிவிட்டது.

எட்டாவது பீரியட் | ஆகஸ்ட் 23, காலை 7.00

எழுதுகிறவர் வாரம் மாறலாம். கூட்டுகிறவர் ஒரு பருவம் முழுக்க ஒருவரே: காலாண்டு வரை ஒருவர், அரையாண்டு வரை ஒருவர். பணி மூப்பு பார்த்துக் கொடுக்க வேண்டாம், சுறுசுறுப்பு பார்த்தும் கொடுக்க வேண்டாம். ஈமிஸ் இணையப் பதிவு, ஸ்காலர்ஷிப், அறிவியல் கண்காட்சி என்று ஏற்கனவே எல்லாம் தலையில் விழுகிற ஒரு ஆள் ஒவ்வொரு பள்ளியிலும் இருப்பார். இதையும் அவரிடம் கொடுத்தால் டிசம்பரில் மாறுதல் விண்ணப்பம் எழுதுவார். கையில் வேறு பொறுப்பில்லாதவரிடம் கொடுங்கள்.

வாட்ஸ்அப் பற்றி: பள்ளிப் பொதுக்குழுவில் இதைப் பேச வேண்டாம். அது உத்தரவு வருகிற குழு; கட்டைவிரல் மட்டும்தான் கிடைக்கும். ஐவருக்குத் தனிக்குழு, தலைமை ஆசிரியர் அதில் இல்லை. பிள்ளையின் நோட்டைப் படம் எடுத்துப் போடும்போது பெயர் தெரியக் கூடாது. இரவு 8-க்கு மேல் எதுவும் போடக் கூடாது. (நான் இங்கே 11 மணிக்கு எழுதுவதைச் சுட்டிக்காட்ட வேண்டாம்.)

மரப்பெஞ்சு | ஆகஸ்ட் 23, காலை 7.05

சுட்டிக்காட்டவில்லை சார். கவனித்தோம், அவ்வளவுதான்.

புதுத் தலைமை | அக்டோபர் 9, இரவு 9.30

காலாண்டு முடிந்தது. ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கலாம் என்று அவர்களே கேட்கிறார்கள். எப்படிப் பார்க்க வேண்டும்?

எட்டாவது பீரியட் | அக்டோபர் 9, இரவு 10.50

ஜப்பானில் 'ஜுக்யோ கென்க்யூ' என்று சொல்வார்கள், பாட ஆய்வு. அங்கே சேர்ந்து திட்டமிட்ட பாடத்தை ஒருவர் நடத்த, மற்றவர்கள் பார்ப்பது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் பயம் பாதி போய்விடும். பாடம் ஐவருடையது, நடத்துபவர் ஒருவர். தப்பினால் ஐவர் பாடமும்தான் தப்பியது.

பின் பெஞ்சில் உட்காரக் கூடாது, முதுகுதான் தெரியும். பக்கச் சுவரோரம், பிள்ளையின் கை தெரியும் இடம். ஒருவருக்கு மூன்று பிள்ளை. எப்போது எழுத ஆரம்பித்தது, எங்கே நிறுத்தியது, யாரைப் பார்த்து எழுதியது, இவ்வளவு மட்டும். படிவம், மதிப்பெண், நட்சத்திரம் எதுவும் வேண்டாம். பேசுவது அன்றைக்கே, விட்டால் மறுநாள். நடத்தியவர் முதலில் பேச வேண்டும். பிறகு மாற்றிய பாடத்தை பி பிரிவில் நடத்திப் பார்ப்பது. ஆக மொத்தம் திட்டம் 2 கூட்டம், நடத்துவது 1, பேச்சு 1, மறுபடி நடத்துவது 1, ஐந்து வாரம். பருவத்துக்கு ஒன்று போதும்.

இங்கே என் ஜூன் 3 யோசனையைத் திருத்த வேண்டும். ஏ, பி இரண்டையும் ஒருவருக்கே கொடுக்கச் சொன்னேன். அதனால் அதே பாடத்தை எடுக்கும் இன்னொருவர் அணியில் இல்லை. முதல் வருஷத்துக்கு அது பரவாயில்லை. அடுத்த ஜூனில் கணக்கை மட்டுமாவது இருவருக்குப் பிரித்துப் பாருங்கள். அணி 6 பேர் ஆகும், கையிருப்பு ஆள் போய்விடும், சப்ஸ்டிடியூஷன் இறுகும். இரண்டில் ஒன்றுதான்.

ஆத்தூர் அறிவியல் | அக்டோபர் 10, காலை 6.50

9-இல் தொடங்கியதே சரியா? 6-இல் தொடங்கியிருக்கலாம். ஐந்தாறு தொடக்கப் பள்ளியிலிருந்து வந்து சேருகிற வகுப்பு. அங்கே பிடித்தால் நான்கு வருஷம் லாபம்.

எட்டாவது பீரியட் | அக்டோபர் 10, இரவு 9.15

6 தான் சரி என்று எனக்கும் இப்போது படுகிறது. 9-ஐச் சொன்னதற்குக் காரணம், அங்கே ஆசிரியர்களுக்கு ஏற்கனவே கவலை இருக்கும், கூடச் சொன்னால் கூடுவார்கள் என்பது. 10 மட்டும் வேண்டாம். சதவீதப் பேச்சு வந்து மேசையில் உட்கார்ந்துவிடும்.

புதுத் தலைமை | ஜனவரி 18, இரவு 9.45

பொங்கல் விடுமுறை முடிந்தது. ஓவிய ஆசிரியர் வரும் நாள் மாறியதில் இரண்டு புதன் போச்சு. ஐவரில் இருவர் மாறுதலில் போகும் பேச்சு இருக்கிறது. இருந்த அணி மே மாதத்தோடு கரைந்துவிடுமா?

எட்டாவது பீரியட் | ஜனவரி 18, இரவு 10.30

ஆள் போவதைத் தடுக்க முடியாது, கலந்தாய்வு நம் கையில் இல்லை. ஜனவரி கடைசியிலிருந்து திருப்புதல் தேர்வு, செய்முறை என்று 10-ஆம் வகுப்பு எல்லாரையும் இழுத்துக்கொள்ளும். நடைமுறையில் மூன்று கூட்டம் கிடைத்தால் அதிகம். அந்த மூன்றில் புதிதாக எதுவும் தொடங்காதீர்கள்.

ஒன்றில், ஜூனிலிருந்து எழுதிய அரைப் பக்கங்கள் எல்லாவற்றையும் மேசையில் வைத்து, இன்னும் வகுப்பில் நடக்கிற முடிவு எவை, இரண்டு வாரத்தில் செத்துப்போனவை எவை என்று பிரியுங்கள். செத்தவற்றையும் எழுதி வையுங்கள், அடுத்து வருகிறவர் அதையே மறுபடி முயலாமல் இருக்க. இரண்டாவதில் அந்த ஆறு பிள்ளைகளைப் பற்றி ஆளுக்கு நான்கு வரி. 10-க்கு யார் எடுத்தாலும் கையில் போகட்டும். மூன்றாவதில் அடுத்த வருஷ டைம்டேபிளின் அந்த ஒரு கட்டம். புதனா, எந்த பீரியட், யார் ஐவர், ஓவிய ஆசிரியர் எந்த அரைநாள். பெயர் போடாமல் பாடத்தை மட்டும் போடுங்கள், ஆள் மாறினாலும் கட்டம் நிற்கும்.

அந்த அரைப் பக்கங்கள் எழுதிய நோட்டு யாரிடம் இருக்கிறது?

புதுத் தலைமை | ஜனவரி 19, காலை 6.40

ஆய்வக மேசை டிராயரில். சாவி ஓவிய ஆசிரியரிடம்.